யார் கேட்டார்கள்? எப்போது கேட்டார்கள்? என்ன செய்தார்கள்?



பிள்ளையை விளையாட்டுப் பயிற்சிக்கு அனுப்பும் தாய் அதன் பையில் தண்ணீர்ப் போத்தலையும் துவாயையும் சப்பாத்தையும் வைத்து அனுப்புகிறாள். அவற்றோடு கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றையும் வைத்து அனுப்புகிறாள். அதுதான் நம்பிக்கை. பயிற்றுநர் நல்லவர், வைத்தியர் நல்லவர், சங்கம் பெரிய சங்கம், அங்கே என் பிள்ளைக்கு ஒரு தீங்கும் வராது என்னும் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கையேற்கும் சங்கம், அதற்குக் கணக்குக் கொடுக்கவும் கடமைப்பட்டது.

அமெரிக்காவின் தேசிய ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனத்தில் நடந்ததை இன்று பாடமாக எடுத்துக்கொள்வோம். இது வெட்கத்துக்குரிய விடயம். ஆயினும் வெட்கத்தின் பெயரால் மௌனம் காத்ததனாலேயே அங்கு நூற்றுக்கணக்கான சிறுமியர் கெடுக்கப்பட்டனர். ஆதலால் பேச வேண்டிய அளவுக்குப் பேசத்தான் வேண்டும். தீயவர் ஒருவர் எப்படி இருந்தார் என்பதைவிட, அவரைச் சுற்றியிருந்த நல்லவர்கள் என்ன செய்தார்கள், என்ன செய்யாது விட்டார்கள் என்பதே நமக்கு முக்கியமான கேள்வி.

1. நடந்தது என்ன?

லாரி நசார் என்பவர் ஒரு வைத்தியர். 1986 ஆம் ஆண்டளவில் அமெரிக்கத் தேசிய ஜிம்னாஸ்டிக்ஸ் அணியோடு பணியாற்றத் தொடங்கினார். 1996 இல் அணியின் மருத்துவப் பொறுப்பாளரானார். 1997 முதல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். ஒலிம்பிக் போட்டிகளுக்கு அணியோடு சென்றார். வலியோடு வந்த சிறுமியருக்குச் சிகிச்சை செய்வதாகக் கூறிக்கொண்டே அவர்களைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்தார். ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்களும், ஊர்க் கழகத்தில் பழகிய சாதாரணப் பிள்ளைகளும் அவரது கையில் அகப்பட்டனர். முறையிட்டோர் தொகை பின்னர் ஐந்நூறைத் தாண்டியது.

‘இத்தனை பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லையா?’ என்று நீங்கள் கேட்கலாம். திறந்தார்கள். ஒருமுறையன்று, பலமுறை திறந்தார்கள். கேட்டவர்கள்தான் காதை மூடிக்கொண்டார்கள்.

2. தட்டப்பட்ட கதவுகள்

முதற் கதவு 1997 இல் தட்டப்பட்டது. பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி பல்கலைக்கழகப் பயிற்றுநர் ஒருவரிடம் தனக்கு நேர்ந்ததைச் சொன்னதாகப் பின்னாளில் வெளிப்படுத்தினார். எழுத்தில் முறையிட்டால் உனக்கும் வைத்தியருக்கும் பெரிய விளைவுகள் வரும் என்று தமக்குச் சொல்லப்பட்டதாகவும், அடுத்தமுறை வைத்தியரிடம் சென்றபோது தாம் சொன்னது அவருக்கே தெரிந்திருந்ததாகவும் கூறினார். அந்தப் பிள்ளை மறுபடியும் அதே சிகிச்சை மேசைக்கே போனது.

இரண்டாம் கதவு 2014 இல் தட்டப்பட்டது. அப்பல்கலைக்கழகப் பட்டதாரிப் பெண் ஒருவர் முறையிட, நிருவாகம் உள் விசாரணை நடத்தியது. வைத்திய நிபுணர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. அவர்களோ நசாரோடு ஒரே நிறுவனத்தில் தொழில் செய்தவர்கள். செய்தது முறையான சிகிச்சையே என்று முடிவாயிற்று. பொலிஸ் விசாரணை முடியுமுன்பே அவர் மீண்டும் நோயாளரைப் பார்க்க அனுமதிக்கப்பட்டார். இனிமேல் இத்தகைய சிகிச்சையின்போது இன்னொருவர் உடனிருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. நிபந்தனை காகிதத்தில் இருந்தது. அது நடக்கிறதா என்று பார்க்க ஒருவரும் இருக்கவில்லை.

மூன்றாம் கதவு 2015 யூன் மாதத்தில் தட்டப்பட்டது. தேசிய அணி பயிற்சி பெற்ற டெக்சாஸ் மாநிலப் பண்ணையில், மகி நிக்கல்ஸ் என்னும் இளம் வீராங்கனை இன்னொரு வீராங்கனையோடு இதுபற்றிப் பேசிக்கொண்டிருந்தது அவரது பயிற்றுநரின் காதில் விழுந்தது. அந்தப் பயிற்றுநர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. தாய்க்கு அறிவித்தார். யூன் 17 ஆம் திகதி சம்மேளனத்துக்கும் அறிவித்தார். இந்தக் கதையில் உரிய நேரத்தில் உரியதைச் செய்த சிலருள் இவரும் ஒருவர் என்பதை மறக்கலாகாது.

3. நாற்பத்தொரு நாட்கள்

வாசகர்களே, இந்த இடத்தில் நாட்காட்டியைக் கையில் எடுங்கள்.

சம்மேளனத்துக்குச் செய்தி கிடைத்தது யூன் 17 ஆம் திகதி. சம்மேளனம் எவ்.பி.ஐ. எனப்படும் மத்திய புலனாய்வுப் பணியகத்துக்கு முறையிட்டது யூலை 28 ஆம் திகதி. இடையில் நாற்பத்தொரு நாட்கள். அந்நாட்களில் சம்மேளனம் சும்மா இருக்கவில்லை. தனியார் விசாரணையாளர் ஒருவரை அமர்த்தி வீராங்கனைகளிடம் பேசச் செய்தது. ‘முதலில் நாமே விசாரித்துப் பார்ப்போம்’ என்பதே அவர்களின் எண்ணம். பிள்ளைக்கு எதிரான குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் விளையாட்டுச் சங்கத்துக்கு எப்போது கிடைத்தது? வீட்டில் தீப்பிடித்தால் தீயணைப்புப் படையை அழைப்போமா, அல்லது தீ உண்மையான தீதானா என்று அறியக் குடும்பக் கூட்டம் கூட்டுவோமா?

அதன் பின் நடந்தது இன்னும் கசப்பானது. நசாருக்குப் பகிரங்கமான தடை எதுவும் விதிக்கப்படவில்லை. அவர் போட்டிகளுக்கு வராமைக்கு வேறு காரணங்கள் கூறப்பட்டன. 2015 செப்டெம்பரில் தாமாகவே ஓய்வு பெறுவதாக அவரே முகநூலில் அறிவித்தார். அவர் நாள்தோறும் நோயாளரைப் பார்த்துவந்த பல்கலைக்கழகத்துக்குச் சம்மேளனம் ஒரு சொல்லும் அறிவிக்கவில்லை. அமைதி காக்கும்படி தங்களிடம் கேட்டுக்கொள்ளப்பட்டதாக நிக்கல்ஸின் பெற்றோர் பின்னர் கூறினர். அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் பிரதம நிறைவேற்று அதிகாரிக்கும் அந்த யூலையிலேயே தகவல் எட்டியது. அவரும் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று, பின்னர் அக்குழுவே அமர்த்திய சட்டத்தரணிகள் 2018 டிசெம்பரில் வெளியிட்ட அறிக்கை கூறியது.

சரி, புலனாய்வுப் பணியகமாவது விரைந்து செயற்பட்டதா? அதுவும் இல்லை. ஒலிம்பிக் தங்கப் பதக்கம் பெற்ற மக்கேலா மரோனியை 2015 செப்டெம்பரில் இண்டியானாபொலிஸ் அலுவலகத்தார் தொலைபேசியில் விசாரித்தனர். அந்த வாக்குமூலம் பதினேழு மாதங்கள் வரை ஒழுங்காக எழுதி வைக்கப்படவில்லை. எழுதியபோதும் அதில் பொய்யான கூற்றுக்கள் இருந்தன. மிச்சிகன் மாநிலப் பொலிசாருக்கு எச்சரிக்கை அனுப்பப்படவில்லை. அந்த அலுவலகத்தின் தலைவர், விசாரணை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, ஒலிம்பிக் குழுவில் தமக்கு ஒரு வேலை கிடைப்பது பற்றிச் சம்மேளனத் தலைவருடன் பேசிக்கொண்டிருந்தார். அமெரிக்க நீதித் திணைக்களத்தின் பொது மேற்பார்வையாளர் 2021 யூலையில் வெளியிட்ட அறிக்கையில் இவை யாவும் எழுதப்பட்டுள்ளன. முறைப்பாடு கிடைத்த பின்னரும், உண்மை வெளிவரும் வரை, ஏறத்தாழ எழுபது அல்லது அதற்கு மேற்பட்ட இளம் வீராங்கனைகள் நசாரினால் துஷ்பிரயோகம் செய்யப்பட்டதாக வழக்கு ஆவணங்கள் கூறுவதையும் அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது.

எழுபது பேர்! இவர்கள் எவரும் அறியாத காலத்தில் கெடுக்கப்பட்டவர்கள் அல்லர். அறிய வேண்டியவர்கள் எல்லாரும் அறிந்த பின்னர் கெடுக்கப்பட்டவர்கள். தாமதம் என்பது வெறும் நிருவாகக் குறைபாடு அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

4. கதவைத் திறந்தவர்கள்

கடைசியில் கதவைத் திறந்தது சங்கமும் அன்று, அரசும் அன்று. ஒரு பத்திரிகையும் ஒரு பெண்ணுமே.

2016 ஓகஸ்ட் 4 ஆம் திகதி, ‘இண்டியானாபொலிஸ் ஸ்டார்’ என்னும் நாளிதழ், சம்மேளனம் பயிற்றுநர்கள்மேல் வந்த முறைப்பாடுகளை எவ்வாறு கையாண்டது என்று எழுதியது. ஐம்பதுக்கு மேற்பட்ட பயிற்றுநர்கள் பற்றிய முறைப்பாட்டுக் கோவைகள் சம்மேளனத்தின் அலுமாரியில் இருந்தன. பாதிக்கப்பட்டவரோ அவரது பெற்றோரோ கையெழுத்திட்டுத் தந்தாலன்றி, மற்றவை வெறுங் கேள்விச்செய்தி என்று ஒதுக்கப்பட்டன.

அக்கட்டுரையை வாசித்தவர்களுள் ரேச்சல் டென்ஹொலண்டர் ஒருவர். 2000 ஆம் ஆண்டில், பதினைந்து வயதில், முதுகு வலிக்காக நசாரிடம் சென்றவர். தாய் அதே அறையில் இருக்க, தாயின் பார்வையைத் தம் உடலால் மறைத்துக்கொண்டு நசார் அக்குற்றத்தைச் செய்தார். டென்ஹொலண்டர் இப்போது சட்டம் படித்த பெண், பிள்ளைகளின் தாய். அவர் பத்திரிகைக்கு எழுதினார். ஓகஸ்ட் 29 ஆம் திகதி பல்கலைக்கழகப் பொலிசில் நேரிற் சென்று முறையிட்டார். பழைய மருத்துவக் குறிப்புக்களையும் கையோடு கொண்டு போனார். செப்டெம்பர் 12 ஆம் திகதி அவரது பெயரோடும் முகத்தோடும் செய்தி வெளியாயிற்று. எட்டு நாட்களின் பின் பல்கலைக்கழகம் நசாரை வேலை நீக்கியது. அவரது வீட்டுக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுக்கப்பட்ட கணினிப் பதிவுகளில் சிறுவர்களின் ஆபாசப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன.

2018 சனவரி 16 முதல் 24 வரை மிச்சிகன் மாநிலத்தில் நீதிபதி ரோஸ்மேரி அக்குலீனாவின் மன்றில் தண்டனை விசாரணை நடந்தது. தொடக்கத்தில் ஒதுக்கிய நாட்கள் போதவில்லை. ஒருவர் பேசியதைக் கேட்டு இன்னொருவர் துணிவு பெற்றார். ஏழு நாட்களில் 156 பேரின் கூற்றுக்கள் மன்றில் கேட்கப்பட்டன. கடைசியாகப் பேசியவர் டென்ஹொலண்டர். ஒரு சிறுமியின் பெறுமதி எவ்வளவு என்று அவர் நீதிமன்றத்தைக் கேட்டார். நசாருக்கு அம்மன்று 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறை விதித்தது. ஏற்கெனவே மத்திய நீதிமன்றம் 60 ஆண்டுகள் விதித்திருந்தது.

5. ஏன் காதுகள் மூடின?

தவறிழைத்தோர் எல்லாரும் கொடியவர்களாய் இருந்திருந்தால் நமக்கு இப்பாடம் தேவைப்படாது. அவர்களுட் பலர் நம்மைப் போன்ற சாதாரண மனிதர். பின் ஏன் இப்படி நடந்தது?

முதற் காரணம் பெயர். ‘வெளியில் தெரிந்தால் சங்கத்தின் மானம் என்னாவது? பணம் தருவோர் என்ன நினைப்பார்கள்? அடுத்த ஆண்டு ஒலிம்பிக் வருகிறதே!’ என்ற கணக்கு. சங்கத்தின் பெயரை ஒரு தட்டிலும் பிள்ளையின் உடலை மறு தட்டிலும் வைத்து நிறுத்தவே கூடாது. நிறுக்கத் தொடங்கிய அந்த நேரத்திலேயே பிள்ளை தோற்றுவிடுகிறது.

இரண்டாம் காரணம் அதிகாரம். அணிக்கு யாரைத் தெரிவது என்பது சிலரின் கையில் இருந்தது. டெக்சாஸ் பண்ணை ஊருக்கு வெகு தொலைவில் இருந்தது. பெற்றோர் அங்குத் தங்க அனுமதி இல்லை. கடும் பயிற்சியிலும் கடும் உணவுக் கட்டுப்பாட்டிலும் பிள்ளைகள் வாடினர். அந்நிலையில் நசார் ஒருவரே அன்பாகப் பேசுபவராய், ஒளித்து இனிப்புக் கொடுப்பவராய் இருந்தார். இத்தகையோர் கடுமுகத்தோடு வருவதில்லை. பிள்ளையின் மனத்தையும் பெற்றோரின் மனத்தையும் முதலில் வென்றுகொண்டே வருகின்றனர்.

மூன்றாம் காரணம் பதவி மேல் நமக்குள்ள பயபக்தி. வைத்தியர் சொல்கிறார், அவருக்குத் தெரியாதா? பயிற்றுநர் சொல்கிறார், நாம் கேள்வி கேட்கலாமா? பிள்ளை ‘அம்மா, அது எனக்குப் பிடிக்கவில்லை’ என்றால், ‘சும்மா இரு, அவர் பெரிய மனிதர்’ என்று நாமே அதன் வாயை மூடுகிறோம்.

இந்நோய் விளையாட்டுச் சங்கங்களுக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டுக் குறையை மறைத்து அயலானின் குறையைப் பேசுதல் நேர்மையாகாது. திருச்சபையிலும் இதே பாவம் நடந்தது. 2002 ஆம் ஆண்டில் பொஸ்டன் மறைமாவட்டத்தில் வெளியான செய்திகள், குற்றம் புரிந்த குருக்கள் பங்கு விட்டுப் பங்கு மாற்றப்பட்டதையும், பாதிக்கப்பட்ட பிள்ளைகள் மௌனத்துள் விடப்பட்டதையும் உலகறியச் செய்தன. அவ்வாண்டு டிசெம்பரில் அங்குள்ள கர்தினால் பதவி விலகினார். 2019 இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட விதி, குருக்களும் துறவியரும் தாம் அறிந்த துஷ்பிரயோகத்தைத் திருச்சபை அதிகாரிகளுக்கு அறிவித்தல் கடமை என்று பணித்தது. ஆகவே இப்பாடத்தை மற்றவர்க்குப் போதிப்போராயன்றி, மற்றவரோடு ஒரே வாங்கில் இருந்து கற்போராய் நாம் கற்க வேண்டும்.

6. யார் கணக்குக் கொடுத்தார்கள்?

சம்மேளனத் தலைவர் 2017 மார்ச்சில் பதவி விலகினார். 2018 சனவரியில் நிருவாகசபை முழுவதும் விலக நேர்ந்தது. பல்கலைக்கழகத் தலைவர், ஒலிம்பிக் குழுவின் பிரதம நிறைவேற்று அதிகாரி ஆகியோரும் அடுத்தடுத்து விலகினர். பல்கலைக்கழகம் 50 கோடி டொலர் நட்டஈட்டுக்கு உடன்பட்டது. வழக்குகளின் பாரத்தால் 2018 டிசெம்பரில் வங்குரோத்துப் பாதுகாப்பை நாடிய சம்மேளனத்தின் வழக்கு, 2021 இல் 38 கோடி டொலர் இணக்கத்தோடு முடிந்தது. புலனாய்வுப் பணியகத்தின் தவறுக்காக நீதித் திணைக்களம் 2024 ஏப்பிரலில் 13 கோடியே 87 இலட்சம் டொலர் வழங்க ஒப்புக்கொண்டது.

பணம் பெருந்தொகைதான். ஆனால் அறிந்தும் வாளாவிருந்த மனிதர்கள்? நசாரின் மேலதிகாரியாக இருந்த மருத்துவக் கல்லூரிப் பீடாதிபதி, அவர்மேல் விதித்த நிபந்தனைகளைக் கண்காணிக்கத் தவறிய கடமைப் புறக்கணிப்பு, பதவியைத் தவறாகப் பயன்படுத்தியமை ஆகிய குற்றங்களுக்காக 2019 இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். புலனாய்வு அலுவலர் ஒருவர் 2021 இல் வேலை நீக்கப்பட்டார். ஆனால் அவர்மீதும் அவரது மேலதிகாரிமீதும் வழக்குத் தொடர்வதில்லை என்று 2022 மே மாதத்தில் நீதித் திணைக்களம் அறிவித்தது. 2021 செப்டெம்பரில் சிமோன் பைல்ஸ், அலி ரெய்ஸ்மன், மரோனி, நிக்கல்ஸ் ஆகிய நால்வரும் செனற் சபைக் குழுவின் முன் இருந்து சாட்சியமளித்தனர். நசாரை மட்டுமன்றி, அவரை இயலச் செய்த முழு அமைப்பையும் தாம் குற்றஞ்சாட்டுவதாக பைல்ஸ் அங்குக் கூறினார். அந்தக் குற்றச்சாட்டுக்கு முழுமையான விடை இன்னும் கிடைக்கவில்லை என்பதே உண்மை.

7. பொறுப்புக் கூறல் என்றால் என்ன?

நசார் சிறை சென்றது தண்டனை. தண்டனை வேறு, பொறுப்புக் கூறல் வேறு. யார் கேட்டார், எந்நாள் கேட்டார், என்ன செய்தார் என்னும் மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு பொறுப்பாளரும் பகிரங்கமாக விடை தருவதே பொறுப்புக் கூறலாகும். அமெரிக்க அனுபவத்திலிருந்து அதன் நான்கு அடையாளங்களைக் காணலாம்.

முதலாவது, உடனே வெளியார்க்கு அறிவித்தல். 2018 பெப்ரவரி 14 ஆம் திகதி கையெழுத்தான அமெரிக்கச் சட்டம், தேசிய விளையாட்டு அமைப்புக்களில் பிள்ளைகளோடு பழகும் வயது வந்தோர், துஷ்பிரயோகம் பற்றிய சந்தேகத்தை 24 மணித்தியாலத்துள் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. நாற்பத்தொரு நாட்களுக்கு அச்சட்டம் அளித்த பதில் ஒரே நாள்!

இரண்டாவது, தன்னைத் தானே விசாரியாமை. இதற்கென 2017 இல் டென்வர் நகரில் விளையாட்டுப் பாதுகாப்பு நிலையம் என்னும் தனி அமைப்பு திறக்கப்பட்டது. குறைகள் அதிலும் உண்டு. முறைப்பாடுகள் குவிந்து விசாரணை தாமதிக்கின்றது என்று பாதிக்கப்பட்டோரே முறையிடுகின்றனர். விசாரிப்பவரையும் விசாரிக்க ஒருவர் வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

மூன்றாவது, தனிமையை ஒழித்தல். பயிற்றுநரோ வைத்தியரோ பிள்ளையோடு மூடிய கதவுக்குள் தனித்திராதபடி விதி செய்தலும், அவ்விதி நடக்கிறதா என்று ஒருவர் சென்று பார்த்தலும். பார்ப்பவர் இல்லாத விதி 2014 இல் என்னவாயிற்று என்பதை மேலே கண்டோம்.

நான்காவது, எச்சரிக்கை செய்தல். ஓரிடத்திலிருந்து நீக்கப்பட்டவர் ஓசையின்றி இன்னோரிடத்தில் பிள்ளைகள் நடுவே சேர்ந்துகொள்ளாதபடி மற்ற நிறுவனங்களுக்கு அறிவித்தல். ‘ஓய்வு பெற்றார்’ என்று மரியாதையாக வழியனுப்பி வைப்பது, நமது பாம்பை அயலான் வளவில் விடுவதற்குச் சமம்.

8. எழும் ஆட்சேபங்கள்

‘பொய்க் குற்றச்சாட்டாயிருந்தால் ஒரு நல்ல மனிதரின் வாழ்வு அழியுமே’ என்பர் சிலர். நியாயமான அச்சம். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் நீதி உண்டு. ஆயின் விசாரணை முடியும் வரை ஒருவரைப் பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைத்தல் தீர்ப்பு அன்று. அது பாதுகாப்பு. சுற்றறிக்கையும் வதந்தியும் ஊர்ப்பேச்சும்தான் நிரபராதியை அழிக்கின்றன. நடுநிலையான, விரைவான, எழுத்து மூலமான விசாரணையே நிரபராதிக்கும் கவசமாகின்றது.

‘மன்னிப்பது நமது கடமை அல்லவா?’ என்பர் வேறு சிலர். டென்ஹொலண்டர் ஒரு கிறிஸ்தவப் பெண். நசார் தம் குற்றத்தின் பாரத்தை உணர்ந்து உண்மையாக மனம் வருந்தவும், கடவுளின் மன்னிப்பைப் பெறவும் வேண்டுமென்று நீதிமன்றத்திலேயே விரும்பிக் கூறினார். அதே வேளையில், சட்டம் இடங்கொடுக்கும் உச்சத் தண்டனையை விதிக்கும்படியும் நீதிபதியைக் கேட்டார். இரண்டும் முரணானவை என்று அவர் எண்ணவில்லை. மன்னிப்பு பாதிக்கப்பட்டவர் தம் உள்ளத்திலிருந்து விரும்பிக் கொடுக்கும் கொடை. அதை அவர் சார்பில் சங்கம் வழங்க முடியாது. நீதியோ நாளை அந்த மேசைக்கு வரவிருக்கும் அடுத்த பிள்ளைக்குச் சேர வேண்டிய கடன். கடனை இறுக்காமல் கொடையைப் பற்றிப் பேசுவது முறையன்று.

9. பெற்றோரே, பொறுப்பாளர்களே!

இக்கதை தூரதேசத்தில் நடந்தது. ஆனால் பிள்ளையை நம்பி ஒப்படைத்தல் எங்கும் ஒன்றே. உங்கள் பிள்ளை சேர்ந்திருக்கும் கழகத்தில் ஒரு முறைப்பாடு வந்தால் யாரிடம் சொல்வது, அவர் யாரிடம் சொல்வார் என்று இன்றே கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் கழகம், நாளை முறைப்பாடு வரும்போதும் தடுமாறும். பயிற்சியைப் பெற்றோர் பார்க்கக் கூடாது என்றால் காரணம் கேளுங்கள். பிள்ளை திடீரெனப் பயிற்சிக்குப் போக மறுத்தால், அடித்து அனுப்பாமல் அருகில் இருத்திப் பேசுங்கள். அது சொல்லும்போது முகம் சுளிக்க வேண்டாம். ‘நீ ஏன் முதலே சொல்லவில்லை?’ என்று அதட்டவும் வேண்டாம். ‘நீ சொன்னது நல்லது, தவறு உன்னுடையதன்று’ என்ற இரண்டு வார்த்தை போதும். பிறகு சங்கத்தின் கதவுக்கு முன் பொலிசின் கதவைத் தட்டுங்கள். நமது நாட்டில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கமும் இதற்கென்றே உள்ளது.

பொறுப்பிலுள்ளவரே, உங்கள் காதில் ஒரு சொல் விழுந்தால், அது விழுந்த நாளையும் நேரத்தையும் உடனே எழுதி வையுங்கள். நாளை ஒருநாள் உங்களிடம் கேட்கப்படுவது, உங்கள் கழகம் எத்தனை கிண்ணம் வென்றது என்பதன்று. பிள்ளை கதவைத் தட்டியபோது நீர் எங்கே இருந்தீர் என்பதே.

குழுவாகச் சிந்திக்க:

1. 2015 யூன் 17 இல் சம்மேளனத்தின் பொறுப்பில் நீங்கள் இருந்திருந்தால், அன்று மாலைக்குள் எவற்றைச் செய்திருப்பீர்கள்?

2. ‘கையெழுத்திட்டுத் தந்தால்தான் விசாரிப்போம்’ என்னும் விதி யாரைக் காக்கின்றது? யாரைக் கைவிடுகின்றது?

3. நமது பாடசாலையிலும் பங்கிலும் கழகத்திலும் பிள்ளைகளோடு பழகுவோருக்கு எழுத்தில் உள்ள விதி எது? அது நடக்கிறதா என்று பார்ப்பவர் யார்?

4. பெயர் கெடும் என்ற அச்சத்தினால் நாமே மூடி மறைத்த விடயம் ஏதும் உண்டா? இன்று அதற்கு என்ன செய்யலாம்?